காலியாகப் போன கட்டம்

அந்தத் தாளை நான் பார்த்தபோது மணி ஒன்பது நாற்பது. அதன் பிறகு அன்று பகல் முழுக்கக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நேரங்கள் எல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன.

கந்தப்பளை டவுனில் எங்கள் அலுவலகம் மாடியில் இருக்கிறது. கீழே ஒரு முஸ்லிம் நானாவின் கடை. கொப்பி, பேனை, குடை, போன் கவர் எல்லாம் விற்பார். ஓர் ஓரத்தில் போட்டோ கொப்பி மெஷினும் உண்டு. எங்கள் பிரிண்டருக்குத் தாள் வாங்கத்தான் இறங்கினேன். வெளியே மூன்றாவது நாளாக மழை. கடைக்குள் நனைந்த கம்பளி வாசம். ஒரு தோட்டத்துக் காவல்காரர் ஈரக் குடையை மடக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"மகள், சரியான நேரத்துல வந்தீங்க. இது ஒங்கட ஒபீஸ் கடிதம்தானே?" என்றார் நானா. "பேர் மட்டும் ஈக்கி, பக்கத்துல ஒண்டும் இல்ல. மை முடிஞ்சிட்டோ எண்டு மெஷினத் தொறந்தும் பாத்துட்டேன்."

தாளை வாங்கினேன். மேலே எங்கள் தலைப்பு. கீழே வரிசையாகத் தோட்டங்களின் பெயர்கள், ஒவ்வொன்றின் கீழும் அதன் கணக்குகள். எங்கள் பக்கத்தில் தோட்டத்தின் பிரிவுகளைக் கணக்கு என்றுதான் சொல்வோம்: மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று. ஒவ்வொரு பெயருக்கும் அடுத்து ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு வெறும் வெள்ளை.

"கொப்பி சரியாத்தான் இருக்கு நானா," என்றார் காவல்காரர். "எங்க ஆபீஸ்ல எடுத்ததே இப்படித்தான் வந்துச்சு. அஞ்சு கொப்பி எடுத்து லயத்துக்கு லயம் ஒட்டச் சொன்னாரு கிளாக்கரையா."

"காலைல பெரட்டுல என்ன வாசிச்சாங்க அண்ணே?"

"என்னத்த வாசிக்க? எல்லாக் கணக்குக்கும் ஒன்னுமில்லன்னு வாசிச்சாரு. பேர் போடுற செக்ரோல் மாதிரித்தானே மிஸ். கட்டம் காலியா இருந்தா ஒன்னுமில்ல."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பி ஒவ்வொரு கோட்டையும் மறுபடி பார்த்தேன்.

அந்தக் கடிதத்தைச் செய்தவள் நான். எங்கள் நிறுவனத்தில் இரண்டே பேர், ஒருங்கிணைப்பாளரும் நானும். அவர் அந்த வாரம் கொழும்பில் இருந்தார். மழைக்காலத்தில் கொழும்பிலிருந்து மண்சரிவு எச்சரிக்கை வரும். அது பிரதேசம் பிரதேசமாக, பொதுவாக இருக்கும். எந்தத் தோட்டத்தின் எந்தக் கணக்கு அதற்குள் விழுகிறது என்று பிரித்து, முப்பத்தொரு தோட்ட ஆபீஸ்களுக்கு மின்னஞ்சலாக அனுப்புவதுதான் எங்கள் வேலை. அதற்கான கம்பியூட்டர் நிரலை நான் எழுதினேன். தினமும் காலை ஐந்து மணிக்கு அது தானாக விழித்து, எச்சரிக்கையை எடுத்து, கடிதத்தைக் கட்டி, அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும்.

ஐந்து மணியை நான் யோசித்துத்தான் வைத்தேன். தோட்ட ஆபீஸில் மின்னஞ்சலை ஒரு நாளைக்கு ஒரு முறைதான் திறப்பார்கள், தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு முன்பு. கிளாக்கர் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் பெரட்டுக் களத்தில் நின்று வாசிப்பார். வாசித்துவிட்டால் அந்தத் தாள்தான் அன்றைக்கு உத்தரவு. அதற்குப் பிறகு என்ன வந்தாலும் மறுநாள் காலைதான் பார்ப்பார்கள்.

ஒரு மின்னஞ்சலுக்குள் இரண்டு கடிதங்கள் உண்டு என்பது வாசிக்கும் பெரும்பாலானோருக்குத் தெரியாது. ஒன்று வெறும் எழுத்து. மற்றொன்று எச்டிஎம்எல்: அட்டவணை, நிறம், தடித்த எழுத்து எல்லாம் அதில்தான், எழுத்துக்கு இடையே குறிகளாக வரும். நிரலில் இரண்டையும் தனித்தனியே எழுதி, ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, ஒரே உறைக்குள் போட வேண்டும். பெறுகிறவரின் கம்பியூட்டர் தன்னால் முடிந்ததைத் திறந்து காட்டும். எழுத்துக் கடிதத்தை முதலில் எழுது, அது தனியாகப் போனாலும் விஷயம் போய்ச்சேர வேண்டும் என்று படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன்.

ஆனால் வேலையில் நான் அப்படிச் செய்யவில்லை. எச்டிஎம்எல் கடிதத்தை மட்டும் அழகாகக் கட்டினேன். அதிலிருந்து குறிகளை உரித்துவிட்டு மிஞ்சுவதை எழுத்துக் கடிதமாக வைத்துக்கொள் என்று ஒரு வரியில் நிரலுக்குச் சொல்லிவிட்டேன்.

முதலில் கட்டங்களுக்குள் வார்த்தைகள் இருந்தன. தமிழிலும் சிங்களத்திலும். ஒரு நாள் ஒரு தோட்டத்திலிருந்து போன் வந்தது: "மிஸ், இங்கிலீசு மட்டும் நல்லா வருது. நம்ம எழுத்தெல்லாம் கேள்விக்குறியா வருது. கேள்வி கேக்கிறீங்களா, பதில் சொல்றீங்களா?" ஆபீஸில் எல்லோரும் சிரித்திருக்க வேண்டும். எழுத்துக் குறியீட்டைத் தலைப்பில் அறிவிக்காமல் விட்ட என் பிழை அது. ஒரே வரியில் சரிசெய்யலாம், செய்தேன். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எந்த மூலையில் எந்தப் பழைய மெஷினில் மறுபடி கேள்விக்குறி வருமோ என்ற அவமானம் மனதில் கிடந்தது. அதனால் வார்த்தைகளையே எடுத்துவிட்டேன். தோட்டப் பெயர்கள் ஆபீஸ் வழக்கப்படி ஆங்கிலத்தில் இருந்தன. அடுத்த கட்டத்தில் நிறம் மட்டும். சிவப்பு என்றால் பன்னிரண்டு மணிக்கு முன் வெளியேற வேண்டும், மஞ்சள் என்றால் கவனம், பச்சை என்றால் ஒன்றுமில்லை. நிற விளக்கத்தைப் பெரிய தாளில் அச்சடித்து எல்லா ஆபீஸுக்கும் தபாலில் அனுப்பினோம். நிறத்துக்கு மொழி இல்லை என்று எனக்கு நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

என் போனில் சோதித்தேன். என் மடிக்கணினியில் சோதித்தேன். ஒருங்கிணைப்பாளரின் போனிலும் சோதித்தேன். மூன்றிலும் நிறம் பளிச்சென்று வந்தது. எழுத்தை மட்டும் காட்டும் ஒரு மெஷினில் நான் சோதிக்கவே இல்லை. குறிகளை உரிக்கும்போது நிறமும் குறியோடு போய்விடும். மிஞ்சுவது பெயர், கோடு, வெள்ளை.

"மகள், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று நானா கேட்டார். நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே மாடிப்படி ஏறிவிட்டிருந்தேன். காவல்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார். "அண்ணே, ஒட்டாதீங்க, ஒட்டாதீங்க," என்று மட்டும் கத்தினேன். அவருடைய தோட்டம் அன்று மஞ்சளில் இருந்தது. எனக்கு அது தெரியும். அன்று எவையெல்லாம் சிவப்பு என்றும் எனக்குத் தெரியும்.

காலை எட்டரைக்கு ஆபீஸுக்கு வந்ததுமே பார்த்திருந்தேன். ஐந்து கணக்குகள் சிவப்பு. ஐந்தாவது எங்கள் தோட்டத்துக் கீழ்க்கணக்கு. அம்மா இருக்கும் நாலாம் நம்பர் லயம், ஒரே கூரைக்குக் கீழ் நீளும் வரிசை வீடுகள், அங்கேதான். அப்பா கொழும்பில் வேலை செய்கிறார். அம்மா தனியாக இருக்கிறார். அதைப் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை. முப்பத்தொரு கடிதங்களும் போய்ச்சேர்ந்துவிட்டன, எதுவும் திரும்பி வரவில்லை என்று பதிவேடு சொன்னது. அம்மாவுக்குப் போன் செய்தேன், போன் அணைந்திருந்தது. சாமான் கட்டிக்கொண்டு, மழை ஆபத்தில் எல்லோரும் ஒதுங்கும் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். பிறகு தேநீர் ஊற்றிக் குடித்தேன். இப்போதும் அந்தத் தேநீர்தான் என்னை அதிகம் உறுத்துகிறது.

பயம் வந்தால் நான் எண் போடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படி. மேசையில் உட்கார்ந்து ஒரு துண்டுத் தாளில் எழுதினேன். ஒன்று, திருத்தக் கடிதம். இரண்டு, ஐந்து போன். மூன்று என்று எழுதி, அதற்கு நேராக ஒன்றும் எழுத வரவில்லை.

நிரலைத் தொட நேரமில்லை. கையாலேயே, அட்டவணை இல்லாமல், நிறமில்லாமல், வெறும் எழுத்தில் ஐந்து பெயர்களையும் "பன்னிரண்டு மணிக்கு முன் வெளியேற வேண்டும்" என்ற வரியையும் அடித்து, ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன். மறுநாள் காலைவரை யாரும் அதைத் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டே அனுப்பினேன்.

பிறகு போனை எடுத்தேன். பட்டியல் வரிசைப்படியே அழைத்தேன். முதல் பெயரில் விரலை வைத்தபோது ஐந்தாவது பெயர் கண்ணில் பட்டது. விரலை நகர்த்தவில்லை.

முதல் தோட்டத்தில் ஒரு பெண் எடுத்தார். "சிவப்புத் தெரிஞ்சிச்சு மிஸ். ஆக்கள ஸ்கூலுக்கு ஏத்தியாச்சு. ஏன் மிஸ் உங்களுக்கு மூச்சு வாங்குது?" இரண்டாவது தோட்டத்துக் கிளாக்கர் மெயிலைத் தன் போனில் பார்க்கிறவர்; அங்கேயும் சனம் கோயிலுக்குப் போய்விட்டது. ஒரு நிமிடம் எல்லாம் சரியாகிவிடும் போலிருந்தது. மூன்றாவது ஆள், "என்னா மிஸ் சொல்றீங்க, காலியாத்தானே வந்துச்சு!" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு ஓடினார். அவருடைய செருப்புச் சத்தமும், "கண்டாக்கையா! கண்டாக்கையா!" என்று மலை வேலையைப் பார்க்கும் அதிகாரியைக் கூப்பிடும் குரலும் தூரமாகிக்கொண்டே போனதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்காவது தோட்டத்தில் சிங்களத்தில் பேசினேன். அந்த மனிதர் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். அவர் அவ்வளவு மெதுவாக எழுதுவதை என்னால் தாங்க முடியவில்லை.

ஐந்தாவது, எங்கள் தோட்டம். ஆபீஸ் லைன் செத்திருந்தது. கிளாக்கரையாவின் கைப்பேசி எட்டவில்லை. அம்மாவின் போன் அப்போதும் அணைந்தே இருந்தது. மழை நாளில் அம்மா அதைப் பொலித்தீன் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டுத்தான் மலைக்குப் போவார். அப்படியானால் மலைக்குப் போயிருக்கிறார். அப்படியானால் பெரட்டில் வாசித்திருக்கிறார்கள். அப்படியானால் ஒன்றுமில்லை என்றுதான் வாசித்திருக்கிறார்கள்.

மழை கடுமையானால் பன்னிரண்டு மணிக்குக் கொழுந்து பறிப்பதை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். எல்லோரும் லயத்துக்குப் போய், ஈரத்தை மாற்றி, கதவைச் சாத்திக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்காருவார்கள். நாலாம் நம்பர் லயத்தின் குசினிச் சுவருக்கும் பின்னால் இருக்கும் மண்மேட்டுக்கும் இடையில் இரண்டு முழம்தான் இடைவெளி.

மணி பத்து பத்து. ஆட்டோ பிடித்தேன்.

"இந்தப் பேய் மழையில எங்க மிஸ் தோட்டத்துக்கு? கல்யாணமா, காரியமா?" என்றார் ஆட்டோக்காரர். என் வயதில் பிள்ளைகள் இருக்கக்கூடிய மனிதர். "சீக்கிரம் போங்க," என்று மட்டும் சொன்னேன். பாதி வழியில் ஒரு வளைவில் பாதையின் உட்புறம் மண் சரிந்து கிடந்தது, இரண்டு தேயிலைச் செடிகள் அப்படியே நிமிர்ந்த நிலையில் நடுப்பாதையில் நின்றன. அவர் நிறுத்தினார். "இதுக்கு மேல ஆட்டோ போகாது. நான் சொல்றேன், நீங்களும் போகாதீங்க."

இறங்கி நடந்தேன். முதலில் பாதையில், பிறகு தேயிலைக்குள் இறங்கும் குறுக்கு வழியில். எண்ணிக்கொண்டே நடந்தேன். நூறு அடி, மறுபடி நூறு அடி. எங்கள் நிறுவனம் அச்சடித்த துண்டுப்பிரசுரத்தை எழுதியவளும் நான்தான். புதிய இடத்தில் ஊற்று கிளம்பினால் கவனம். தெளிந்த நீர் கலங்கினால் கவனம். மரம், கம்பம் சாய்ந்தால் கவனம். அதை எழுதும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. இப்போது அந்த வரிகள் ஒவ்வொன்றாக எனக்கு முன்னால் நிஜமாக வந்து நின்றன. சின்ன வயதில் நான் தினமும் ஸ்கூலுக்கு ஏறிய படிக்கட்டின் நடுவில், ஒருபோதும் தண்ணீர் இல்லாத இடத்தில், விரல் தடிமனில் தண்ணீர் பீறிக்கொண்டிருந்தது. அது பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தது. அதைத் தாண்டக் காலைத் தூக்கியபோது அடியில் ஏதோ ஓடும் சத்தம் கேட்டது. காதுக்குக் கேட்டதா, பாதத்துக்குக் கேட்டதா என்று எனக்கு இன்னமும் சொல்லத் தெரியவில்லை.

ஆபீஸுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று பதினெட்டு. கரண்ட் இல்லை. கிளாக்கரையா ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து செக்ரோல் எழுதிக்கொண்டிருந்தார். தொழிலாளர் வருகையைக் கட்டம் கட்டமாகக் குறிக்கும் பெரிய புத்தகம் அது.

"அட, நம்ம நாலாம் லயத்துப் புள்ள. என்னம்மா முழுக்க நனைஞ்சு வந்திருக்க?"

"ஐயா, காலைல வந்த மெயில் தப்பு. கீழ்க்கணக்கு சிவப்பு. பன்னிரண்டு மணிக்கு முன்னாடி எல்லாரும் வெளியேறணும்."

அவர் கோப்பிலிருந்து தாளை எடுத்து என் முன் வைத்தார். அதே தாள். ஒவ்வொரு காலிக் கட்டத்துக்கு நேராகவும் பென்சிலால் சின்னக் கோடு போட்டிருந்தார், வாசித்துவிட்டதற்கு அடையாளமாக. "எங்க இருக்கு சிவப்பு? எங்க கம்பியூட்டர்ல எழுத்து மட்டுந்தாம்மா வரும். படம் கலரு எல்லாம் வைரஸ் வருதுன்னு ஹெட் ஆபீஸ்ல நிப்பாட்டிட்டாங்க. காலியா இருந்துச்சு, ஒன்னுமில்லன்னு வாசிச்சேன்."

"அது காலியில்லங்கய்யா. நான் அதுல எழுத்து வைக்காம விட்டுட்டேன். திரும்பச் சரியா அனுப்பியிருக்கேன், தொறந்து பாருங்க."

"கரண்ட் எங்க இருக்கு தொறக்க?"

"அப்ப நான் சொல்றத வச்சு மணியடிங்கய்யா."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. அவருக்கும் பயம் தொற்றிக்கொண்டதைப் பார்த்தேன்; பேனாவைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தார். "நீ சொல்றத நம்பாம இல்லம்மா. ஆனா உத்தரவு போடுற துரை நுவரெலியா போயிருக்காரு. காலைல ஒன்ன வாசிச்சுட்டு, இப்ப வாய்ப்பேச்சுல இன்னொன்னு சொன்னா, ஒருத்தரும் அசைய மாட்டாங்க. நான் தாள வாசிச்சாத்தான் சனம் கேக்கும். தாள் வேணும்."

அப்போதுதான் என் பட்டியலின் மூன்றாம் எண்ணுக்கு என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கையிலிருந்த பேனாவை வாங்கினேன். தாளில் கீழ்க்கணக்குக்கு நேராக இருந்த வெள்ளையில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதினேன்: சிவப்பு. பன்னிரண்டு மணிக்கு முன் எல்லோரும் வெளியேற வேண்டும். ஸ்கூலுக்குப் போகவும். அவசரத்தில் எழுத்து கோட்டுக்கு மேலேறிவிட்டது. அடியில், இந்தக் கட்டம் காலியாக வந்தது என் பிழை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கிளாக்கரையா ஒரு முறை வாசித்தார். மேசை லாச்சியைத் திறந்து, ஆபீஸ் முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, என் கையெழுத்தின் மேல் குத்தினார்.

"இப்ப இது தாள்," என்றார். குடையை எடுக்காமலே எழுந்து வெளியே ஓடினார்.

பெரட்டு மணி அந்த நேரத்தில் ஒருபோதும் அடித்ததில்லை. மலையிலிருந்து ஆட்கள் இறங்கிக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்தார்கள். இடுப்பில் மழைக்குக் கட்டும் படங்கு, முதுகில் கூடை, முகத்தில் எரிச்சல். கிளாக்கரையா தகரக் கூரைக்குக் கீழே நின்று சத்தமாக வாசித்தார். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. இரண்டாம் தரமும் வாசித்தார்.

"காலைல இல்லாதது இப்ப எங்கிருந்து வந்துச்சு?" என்று ஒரு பெண் கேட்டார். எங்கள் லயத்தின் கடைசி வீட்டு அக்கா.

"நான்தாங்க்கா எழுதாம விட்டுட்டேன்," என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"கேட்டீங்களாடி? கம்பியூட்டர் படிச்ச புள்ளைக்கு எழுத மறந்துபோச்சாம். நாம மாட்டையும் கோழியையும் போட்டுட்டு ஓடணுமாம்."

சிலர் சிரித்தார்கள். ஒரு வயதானவர், "போன வருசமும் இப்படித்தான் ஏத்துனாங்க, ஒரு கல்லுகூட உருளல," என்றார். ஒருவர் கூடைக் கயிற்றை மறுபடி தலையில் மாட்டினார். மணி பதினொன்று நாற்பத்தாறு. எனக்கு அழுகை வரவில்லை. தொண்டைக்குள் ஒரு வரிசை ஓடிக்கொண்டிருந்தது: படிக்கட்டு ஊற்று, கலங்கின தண்ணீர், அடியில் சத்தம். அதை அப்படியே சொன்னேன். நடுப்படியில் தண்ணீர் வருகிறது, பால் தேத்தண்ணி நிறத்தில் வருகிறது, நான் இப்போதுதான் அதைத் தாண்டி வந்தேன் என்றேன்.

சிரிப்பு நின்றது. அந்தப் படியை எல்லோருக்கும் தெரியும்.

கூட்டத்தின் பின்னாலிருந்து அம்மா முன்னால் வந்தார். நான் வந்ததிலிருந்து அவரைத் தேடிக்கொண்டிருந்தேன், தலையில் போட்டிருந்த படங்கால் அடையாளம் தெரியவில்லை.

"நடுப்படியிலயா?"

"ஆமாம்மா."

"கலங்கியா?"

"ஆமாம்மா."

அம்மா கூடையை இறக்கி மடுவத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். கொழுந்தை நிறுக்கவில்லை. பிறகு அந்தக் கடைசி வீட்டு அக்காவிடம், "வா, பிள்ளைக்காம்பராவுல போய் ஒன் புள்ளையத் தூக்குவோம். மாடு தானா வரும்," என்றார். இருவரும் தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அந்த அறைப் பக்கம் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலு பேர். பிறகு எல்லோரும்.

படிக்கட்டைத் தவிர்த்துச் சுற்றுப் பாதையால் ஏறி, இரண்டு மணிக்குள் கீழ்க்கணக்கு முழுவதும் ஸ்கூலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கிளாக்கரையா செக்ரோலைக் கொண்டுவந்து பெயர் கூப்பிட்டார்; வேலைக்குப் பேர் பதியாத கிழவர்களையும் குழந்தைகளையும் நான் ஒரு கொப்பியில் எழுதினேன். இரண்டு தரம் எண்ணினேன். மூன்றாம் தரமும் எண்ணத் தொடங்கியபோது, "போதும் புள்ள, நாங்க எங்கயும் போகல," என்று யாரோ சொன்னார்கள்.

மூன்று முப்பத்தைந்துக்கு அந்தச் சத்தம் வந்தது. அது இடி போல இல்லை. கல் ஏற்றிய லொறி ஒன்று நிறுத்தாமல் கல்லைக் கொட்டிக்கொண்டே இருந்தால் எப்படியோ அப்படி. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. யாரும் கத்தவில்லை. ஆண்கள் சிலர் மேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நாலாம் நம்பர் லயத்தின் பின்பக்கக் குசினிகள் எல்லாம் மண்ணுக்குள். கடைசி மூன்று வீடுகள் இல்லை. கடைசி வீட்டு அக்கா மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றியா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அம்மா படங்கைப் பிழிந்து மேசையில் விரித்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தேநீர் குடித்ததிலிருந்து. நான்கு தோட்டங்களுக்குப் போன் செய்ததைச் சொன்னபோது நிமிர்ந்தார்.

"அந்த நாலுக்கும் பேசிட்டுத்தான் இங்க பேசினியா?"

"வரிசையாத்தான் பேசினேன்மா. நம்ம பேரு அஞ்சாவது."

"வரிசைய யாரு போட்டது?"

"நான்தான்." சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. "சொந்தத் தோட்டத்த முன்னால போட்டேன்னு யாரும் சொல்லக்கூடாதுன்னு, கடைசியில போட்டேன்."

அம்மா படங்கின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். பிறகு, "மூணாவது எடத்துல ஓடினாருன்னியே, அந்த ஆளு. அவரு போய்ச் சேந்தாரா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. போனில் அவருடைய செருப்புச் சத்தம் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. அப்போதுதான் திரையின் மூலையில் மணியைப் பார்த்தேன், நாலு இருபது. காலையில் நான் கையால் ஒரு திருத்தத்தை அனுப்பினேனே தவிர, நிரலைத் தொடவில்லை. அது அப்படியே இருக்கிறது. நாளை காலை ஐந்து மணிக்கு அது யாரையும் கேட்காமல் விழித்து, முப்பத்தொரு ஆபீஸ்களுக்கும் அழகான நிறங்களோடு அதே காலிக் கட்டங்களை அனுப்பும். இன்று மஞ்சளில் இருந்தவை நாளை எதில் இருக்குமோ தெரியாது. கிளாக்கர்கள் வாசிப்பார்கள். ஒன்றுமில்லை என்று வாசிப்பார்கள்.

"அம்மா, நான் கந்தப்பளைக்குத் திரும்பிப் போகணும்."

"இப்பவா?"

"நாளைக்குக் காலைல அது தானா போயிரும்மா. நான் நிப்பாட்டலன்னா மறுபடி காலியாப் போகும்."

போகாதே என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்ல வேண்டும் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டேன். அம்மா எழுந்து தன் ஈரமில்லாத ஒரே சால்வையை என் தலையில் சுற்றிக் கட்டினார், மலைக்குப் போகிறவருக்குக் கட்டுவது போல இறுக்கமாக. "கீழ்ப்பக்கம் போகாத. பெக்டரி வழியா மேல் ரோட்டுல போ. வெளிச்சம் இருக்கப்பவே போ."

மேல் ரோட்டில் ஏறும்போது இடது பக்கம் திரும்பினால் லயம் தெரியும். நான் திரும்பவில்லை. கட்டங்களுக்குள் வைக்க வேண்டிய வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தேன், மறந்துவிடுவேன் என்ற பயத்தில். சிவப்புக்கு: வெளியேறுங்கள். மஞ்சளுக்கு: கவனமாக இருங்கள். பச்சைக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். அதை மட்டும் காலியாக விட்டால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு அதற்கும் சொன்னேன், சத்தமாக, மழைக்குள்: இன்று ஒன்றுமில்லை என்று எழுது. எழுது.